காணாக்கடி ஆறு வாரத்தைத் தாண்டிவிட்டதா? மாத்திரையை ஏற்றும் முறையும் ஊசிக்குப் போகும் நேரமும்

நம் ஊரில் இதற்குக் காணாக்கடி என்று பெயர். கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று கடித்துவிட்டது என்று பொருள். திடீரென்று தடிக்கிறது, சிவக்கிறது, சொறிந்து மாளவில்லை. ஒன்றிரண்டு மணி நேரத்தில் இருந்த இடம் தெரியாமல் மறைந்து இன்னொரு இடத்தில் கிளம்புகிறது. பார்ப்பவர்களுக்கு ஏதோ கடித்ததுபோலத்தான் இருக்கும். ஆனால் இந்தப் பெயரே பலரை வழிதவற வைக்கிறது. கடித்தது எது என்று தேடிக்கொண்டே மாதங்கள் ஓடிவிடுகின்றன. இறாலா, கத்தரிக்காயா, புது சோப்பா, மெத்தையில் மூட்டைப்பூச்சியா என்று ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்து, உடம்பும் மெலிந்து மனமும் சோர்ந்த பிறகுதான் முறையான சிகிச்சை தொடங்குகிறது.

முதலில் ஒரு கோடு போட்டுக்கொள்வோம். ஆறு வாரத்துக்குள் அடங்குவது திடீர்க் காணாக்கடி. வைரஸ் காய்ச்சல், ஏதாவது மருந்து, சில சமயம் உணவு இதற்குக் காரணமாக இருக்கும், தானாகவே போய்விடும். ஆறு வாரத்தைத் தாண்டியும் வாரத்தின் பெரும்பாலான நாள்களில் வந்துகொண்டிருந்தால் அது நாள்பட்ட காணாக்கடி. இது வேறு நோய், இதன் கணக்கும் வேறு. இங்கே பெரும்பாலும் வெளியிலிருந்து எதுவும் கடிக்கவில்லை. தோலில் இருக்கும் மாஸ்ட் செல்கள் தேவையில்லாமல் வெடித்து, அரிப்பையும் தடிப்பையும் உண்டாக்கும் ஹிஸ்டமின் என்ற பொருளைக் கொட்டுகின்றன. கணிசமானவர்களுக்கு உடம்பின் நோய் எதிர்ப்புப் பொருள்களே அந்தச் செல்களைத் தூண்டிவிடுகின்றன. தைராய்டுக்கு எதிராக உடம்பே வேலை செய்யும் நோய் இவர்களிடம் அதிகம் காணப்படுவதும் அதனால்தான். ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு அதிகமாக வருகிறது. பெரும்பாலானோருக்குச் சில ஆண்டுகளில் தானாகவே அடங்கிவிடும். சிலருக்கு ஐந்து ஆண்டையும் தாண்டும். அது அடங்கும்வரை ஒரு தடிப்புகூட இல்லாமல் வாழ வைப்பதுதான் சிகிச்சையின் வேலை. 'கொஞ்சம் பரவாயில்லை' என்ற நிலையோடு திருப்தி அடைய வேண்டியதில்லை. பெரும்பாலானோரை முழுமையாக அடக்கிவைக்கப் போதிய மருந்துகள் இன்று இருக்கின்றன.

மருந்துக்கு முன்னால், இது காணாக்கடிதானா என்று உறுதிசெய்ய வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. புதிதாகக் கிளம்பிய தடிப்பு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பால்பாயிண்ட் பேனாவால் அதன் ஓரத்தைச் சுற்றி வட்டம் போட்டு, பக்கத்திலேயே மணியை எழுதுங்கள். நடுவில் வெளுத்து மேடாக, சுற்றிலும் சிவந்து, கொசுக்கடிபோலவோ ஒரு தீவின் வரைபடம்போலவோ இருக்கும். கண்ணாடி டம்ளரின் அடிப்பாகத்தை அதன்மேல் அழுத்தினால் சிவப்பு மறைய வேண்டும். இரண்டு மணிக்கொரு தரம் பாருங்கள். வட்டத்துக்கு வெளியே புதிது வரலாம், பக்கத்துத் தடிப்போடு சேர்ந்து பெரிதாகலாம்; ஆனால் வட்டத்துக்குள் இருந்தது 24 மணி நேரத்துக்குள் எந்தத் தழும்பும் இல்லாமல் போய்விட வேண்டும். போனால் காணாக்கடி. அதே இடத்திலேயே இரண்டு நாள் நின்று, அரிப்பைவிட எரிச்சலும் வலியும் மிகுந்து, மறையும்போது கன்றிப்போன நிறத்தை விட்டுச் சென்றால் அது ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம். அதற்குத் தோலில் சிறு துண்டு எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். இங்கே சொல்லும் சிகிச்சை போதாது. தடிப்போடு விட்டுவிட்டுக் காய்ச்சல், மூட்டுவலி, எலும்புவலி வந்தாலும் அப்படியே.

டாக்டரிடம் போகும் நாளில் தடிப்பு இருக்காது. இந்த நோயின் இயல்பே அதுதான். அதனால் மோசமான நாளில் நல்ல வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். உதடோ கண்ணிமையோ வீங்கினால் அதையும் எடுங்கள். வாயால் எவ்வளவு விளக்கினாலும் அந்தப் படத்துக்கு ஈடாகாது.

அந்த வீக்கத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இது முக்கியம். தடிப்போடு சேர்ந்து உதடு, இமை, உள்ளங்கை வீங்குவது இதே நோயின் ஆழமான வடிவம். முழுவதும் வடிய மூன்று நாள்வரை ஆகும். பார்க்கப் பயமாக இருந்தாலும் சிகிச்சை ஒன்றுதான். தடிப்பே இல்லாமல் வீக்கம் மட்டும் திரும்பத் திரும்ப வந்தால் கதை வேறு. ரத்த அழுத்தத்துக்கு எனாலப்ரில், ராமிப்ரில் போன்ற மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று பாருங்கள். அவை பிராடிகைனின் என்ற வேறொரு பொருளைச் சேரவிட்டு வீங்க வைக்கும். மாத்திரை தொடங்கி மாதங்கள், ஏன் ஆண்டுகள் கழித்துக்கூட வரலாம். அந்த வீக்கத்துக்கு அலர்ஜி மாத்திரையும் ஸ்டீராய்டும் வேலை செய்யாது. டாக்டரிடம் சொல்லி மாத்திரையை மாற்றுவதுதான் வழி. அந்த மாத்திரையும் இல்லை, குடும்பத்தில் மற்றவர்களுக்கும் வீக்கம் உண்டு என்றால் சி4 என்ற ரத்தப் பரிசோதனை தேவை. எந்த வகையாக இருந்தாலும் நாக்கோ தொண்டையோ வீங்குவது, குரல் மாறுவது, மூச்சு இழுப்பது, தலைசுற்றி விழுவது ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் மாத்திரையைப் போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள். 108ஐ அழையுங்கள்.

இனி சாப்பாடு. 'கரப்பான் பண்டம்' என்று ஒரு பட்டியல் எல்லா வீட்டிலும் உண்டு: கத்தரிக்காய், கருவாடு, நண்டு, இறால், சோளம், இன்னும் சில. நாள்பட்ட காணாக்கடியில் உணவு ஒவ்வாமை காரணமாக இருப்பது மிக அரிது. யோசித்துப் பாருங்கள். உணவு ஒவ்வாமை என்றால் சாப்பிட்ட இரண்டு மணி நேரத்துக்குள், பெரும்பாலும் சில நிமிடங்களிலேயே வரும். ஒவ்வொரு முறை சாப்பிடும்போதும் வரும். ஒரு நாளுக்குள் அடங்கும். நண்டு சாப்பிடாத நாளில், அதிகாலை நான்கு மணிக்கு, தூக்கத்தில் கிளம்பும் தடிப்புக்கு நண்டு எப்படிப் பொறுப்பாகும்? ஏதோ ஒரு பண்டம் நேரம் தவறாமல் ஒவ்வொரு முறையும் தூண்டினால் அதை மட்டும் விலக்குங்கள். பத்துப் பதினைந்தை விலக்கி ரசம் சாதத்தில் காலம் தள்ளுவது, குறிப்பாகக் குழந்தைகளையும் பாலூட்டும் தாய்மார்களையும் அப்படி வைப்பது, நோயைக் குறைக்காது, உடம்பைத்தான் குறைக்கும்.

இதே காரணத்தால், ரத்தத்தை எடுத்து நூறு உணவுப் பொருள்களுக்கு 'அலர்ஜி பேனல்' பார்ப்பதும் இந்த நோய்க்கு வீண்செலவு. அதில் ஐந்தாறு பொருள்களுக்கு எதிரே ஏதாவது எண் ஏறியே இருக்கும். ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருக்கிறது என்பதும் அந்த உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்பதும் ஒன்றல்ல. அந்தத் தாளை வைத்துக்கொண்டு கோதுமையையும் பாலையும் விட்டவர்களுக்குத் தடிப்பு அப்படியே வந்துகொண்டிருக்கும். தேவையான பரிசோதனைகள் கொஞ்சம்தான்: வெள்ளையணுப் பிரிவுகளோடு முழு ரத்தப் பரிசோதனை, அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர் அல்லது சி.ஆர்.பி, ஒவ்வாமையோடு தொடர்புள்ள எதிர்ப்பொருளான ஐஜிஇயின் மொத்த அளவு, தைராய்டுக்கு எதிரான டி.பி.ஓ எதிர்ப்பொருள், அதோடு தைராய்டு வேலை செய்வதைக் காட்டும் டி.எஸ்.எச் பார்ப்பதும் வழக்கம். இயோசினோஃபில் என்ற வெள்ளையணு வகை ஏறியிருந்தால் மலப் பரிசோதனை செய்து பூச்சி மருந்து கொடுப்பார்கள். மற்றதெல்லாம் அறிகுறி ஏதாவது அந்தப் பக்கம் காட்டினால் மட்டுமே. ஐஜிஇ, டி.பி.ஓ முடிவுகளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஊசி மருந்து பற்றி முடிவெடுக்கும்போது அவை பேசும்.

உணவைவிட உண்மையிலேயே தூண்டிவிடுவது ஒன்று இருக்கிறது: வலி மாத்திரை. ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், மாதவிடாய் வலிக்குப் போடும் மெஃபெனமிக் அமிலம் எல்லாம் இந்த வரிசையில் வரும். நாள்பட்ட காணாக்கடி உள்ளவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு இவை தடிப்பை மோசமாக்கும். கடையில் 'உடம்பு வலிக்கு ரெண்டு மாத்திரை' என்று கேட்டு வாங்கும் கலவைகளில் இவை ஒளிந்திருக்கும். வலிக்கும் காய்ச்சலுக்கும் தனி பாராசிட்டமால் பெரும்பாலானோருக்கு ஒத்துக்கொள்ளும். இதயத்துக்காகத் தினமும் ஆஸ்பிரின் சாப்பிடுபவர்கள் தாமாக நிறுத்தக் கூடாது, டாக்டரிடம் கேளுங்கள்.

இன்னொரு வகையையும் பிரித்துப் பார்க்க வேண்டும். சிலருக்குத் தடிப்பு தானாக வருவதில்லை, தூண்டினால்தான் வரும். மூடிய பேனாவின் முனையால் முன்கையில் அழுத்தி ஒரு கோடு இழுங்கள். பத்து நிமிடத்தில் அந்தக் கோடு அரிப்போடு கயிறுபோல எழும்பினால் அது கீறல் வகை. இடுப்பு நாடா, பையின் பட்டை, உள்ளாடை எலாஸ்டிக் அழுத்திய இடத்தில் சில மணி நேரம் கழித்து வலியோடு வீங்கினால் அழுத்த வகை. வெந்நீர்க் குளியல், ஓட்டம், காரம், கோபம் இவற்றோடு வியர்க்கும்போது கடுகளவுத் தடிப்புகள் உடம்பெங்கும் கிளம்பினால் வியர்வை வகை. குளிர் வகைக்குப் பனிக்கட்டியைக் கொஞ்சம் தண்ணீரோடு மெல்லிய பிளாஸ்டிக் பையில் போட்டு ஐந்து நிமிடம் முன்கையில் வைத்து எடுத்து, பத்து நிமிடம் கழித்துப் பார்ப்பார்கள். குளிரில் ஏற்கெனவே மயக்கம் வந்தவர்கள் இதை வீட்டில் செய்யக் கூடாது. அவர்கள் குளிர்ந்த கிணற்றிலோ அருவியிலோ தனியாக இறங்கவும் கூடாது. உடம்பு முழுக்க ஒரே நேரத்தில் குளிர்ந்தால் மொத்தமாக ஹிஸ்டமின் கொட்டி நினைவு தப்பும். மருந்து எல்லா வகைக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் தூண்டுவது எது என்று தெரிந்தால் பெல்ட்டைத் தளர்த்துவது, பையின் பட்டையை அகலமாக்குவது போன்ற சிறு மாற்றங்களிலேயே பாதி நிம்மதி கிடைக்கும்.

இப்போது மாத்திரைக்கு வருவோம். பெரும்பாலானோர் தோற்பது இங்கேதான். மருந்து சரியாகவே இருக்கும், சாப்பிடும் முறைதான் தவறு.

முதல் படி, தூக்கம் அதிகம் தராத இரண்டாம் தலைமுறை ஹிஸ்டமின் எதிர்ப்பு மாத்திரை. பெரியவர்களுக்கான ஒரு நாள் அளவு: செட்ரிசின் 10 மி.கி., லிவோசெட்ரிசின் 5 மி.கி., லோராடடின் 10 மி.கி., டெஸ்லோராடடின் 5 மி.கி., ஃபெக்ஸோஃபெனடின் 180 மி.கி., பிலாஸ்டின் 20 மி.கி., ருபாடடின் 10 மி.கி. இவற்றில் ஏதேனும் ஒன்று. எல்லாமே இங்கே எளிதில் கிடைப்பவை. செட்ரிசின், லிவோசெட்ரிசின் போன்றவை மக்கள் மருந்தகங்களில் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும்.

இதைத் தினமும், ஒரே நேரத்தில், தடிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் சாப்பிட வேண்டும். காரணம் இருக்கிறது. ஹிஸ்டமின் போய் உட்காரும் இடங்களை மாத்திரை முன்கூட்டியே பிடித்துக்கொண்டால்தான் அது கொட்டும்போது வேலை நடக்காது. தடிப்பு கிளம்பிய பிறகு போடும் மாத்திரை, மழை பெய்து முடிந்தபின் குடையை விரிப்பதுபோல. அந்தத் தடிப்பு எப்படியும் சில மணி நேரத்தில் போகத்தான் போகிறது. மாத்திரையால் போனது என்று நினைத்துக்கொள்வோம். அரித்தால் ஒன்று, இல்லாவிட்டால் இல்லை என்று மூன்று மாதம் சாப்பிட்டுவிட்டு 'எனக்கு இந்த மருந்து கேட்கவில்லை' என்று சொல்பவர்கள், அந்த மருந்தை இன்னும் சோதித்தே பார்க்கவில்லை.

மாத்திரையை எப்படி விழுங்குகிறோம் என்பதும் கணக்கில் சேரும். ஃபெக்ஸோஃபெனடினை வெறும் தண்ணீரில் விழுங்குங்கள். ஆரஞ்சு, ஆப்பிள் சாறோடு போட்டால் குடல் உறிஞ்சும் அளவு வெகுவாகக் குறையும். அல்சருக்குக் குடிக்கும் அலுமினியம், மக்னீசியம் கலந்த ஆன்டாசிட் திரவமும் அப்படித்தான். இரண்டுக்கும் நடுவே இரண்டு மணி நேரம் விடுங்கள். பிலாஸ்டினைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ இரண்டு மணி நேரம் பின்போ போட வேண்டும். காலை இட்லியோடு சேர்த்துப் போட்டுவிட்டு வேலை செய்யவில்லை என்றால் குற்றம் மருந்துடையதல்ல. செட்ரிசினும் லிவோசெட்ரிசினும் சிலருக்கு மந்தம் தரும், இரவில் போடலாம். சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதவர்களுக்கு இந்த இரண்டின் அளவையும் குறைக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுபவர்களுக்கும் லோராடடின், செட்ரிசின் இரண்டில்தான் அனுபவம் அதிகம். மகப்பேறு டாக்டரிடம் சொல்லிவிட்டுத் தொடங்கலாம்.

பழைய தலைமுறை மாத்திரைகளான பெனிரமின், குளோர்பெனிரமின், ஹைட்ராக்சிசின் ஆகியவை மூளைக்குள் நுழைந்துவிடும். தூக்கம் வருவதால் நல்ல மருந்து என்று தோன்றும். உண்மையில் தூக்கத்தின் தரத்தைக் கெடுத்து, மறுநாள் காலையிலும் தலையைக் கனக்க வைக்கும். இருசக்கர வண்டி ஓட்டுபவருக்கும் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கும் இவை வேண்டாம். முதியவர்களுக்குச் சிறுநீர் அடைப்பும் குழப்பமும் வரலாம்.

தினமும் மாத்திரை போடத் தொடங்கியதும் கணக்கு எழுதுங்கள். இதற்கு உலகம் முழுக்கப் பயன்படும் ஒரு முறை இருக்கிறது, தினசரி காலண்டர் தாளின் ஓரமே போதும். ஒவ்வொரு இரவும் இரண்டு எண். கடந்த 24 மணி நேரத்தில் தடிப்பு இல்லையென்றால் 0, இருபதுக்குக் கீழ் 1, இருபதிலிருந்து ஐம்பது வரை 2, ஐம்பதுக்கு மேல் அல்லது பெரிய திட்டுகளாக இணைந்திருந்தால் 3. அரிப்பு இல்லையென்றால் 0, லேசாக 1, தொந்தரவாக ஆனால் பொறுக்கும்படி 2, தூக்கத்தையும் வேலையையும் கெடுத்தால் 3. ஒரு நாளுக்கு அதிகபட்சம் 6, வாரத்துக்கு 42. ஏழு நாள் கூட்டுத்தொகை 0 என்றால் முழுக் கட்டுப்பாடு. 6 அல்லது அதற்குக் கீழ் நல்ல கட்டுப்பாடு. 7 முதல் 15 லேசானது, 16 முதல் 27 நடுத்தரம், 28 முதல் மேலே கடுமை. 'பரவாயில்லைங்க, கொஞ்சம் இருக்கு' என்று சொல்வதற்கும் 'போன மாதம் 31, இந்த வாரம் 18' என்று சொல்வதற்கும் நடுவே ஒரு மருந்துச்சீட்டே மாறிவிடும்.

இரண்டு முதல் நான்கு வாரம் இப்படிச் சாப்பிட்டும் எண் இறங்கவில்லையா? அடுத்த படி, அதே மாத்திரையின் அளவைக் கூட்டுவது. இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, அதிகபட்சம் நான்கு மடங்கு. பாக்கெட்டில் அச்சிட்ட அளவைத் தாண்டுவதால் இதை டாக்டர்தான் எழுத வேண்டும். ஆனால் இது யாரோ ஒருவரின் துணிச்சல் அல்ல. சர்வதேச வழிகாட்டு நெறிகளே சொல்லும் படி. லிவோசெட்ரிசின் என்றால் காலை இரண்டு, இரவு இரண்டு என்று 20 மி.கி. வரை, பிலாஸ்டின் 80 மி.கி. வரை. பெரும்பாலும் காலை மாலை என்று பிரித்துக் கொடுப்பார்கள். செட்ரிசின் வகையை ஏற்றும்போது மந்தமும் ஏறும். பிலாஸ்டின், ஃபெக்ஸோஃபெனடின் இரண்டிலும் அது குறைவு. இதயத்துடிப்புக் கோளாறு உள்ளவர்களும் அதற்கு மருந்து சாப்பிடுபவர்களும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நான்கு வெவ்வேறு மாத்திரைகளை ஒவ்வொன்று வீதம் கலப்பதைவிட ஒரே மருந்தை ஏற்றுவதே மேல். எது வேலை செய்கிறது, எது தூக்கம் தருகிறது என்று தெரியும்.

இங்கே நம் ஊருக்கே உரிய ஓர் ஆபத்து உண்டு, அட்டையைத் திருப்பிப் பின்பக்கம் படித்துப் பாருங்கள். கடைகளில் அதிகம் விற்பது தனி லிவோசெட்ரிசின் அல்ல. லிவோசெட்ரிசின் 5 மி.கி.யோடு மான்டிலூகாஸ்ட் என்ற ஆஸ்துமா மருந்து 10 மி.கி. சேர்ந்த கலவை. 'நாலு மடங்கு போடலாமாம்' என்று கேள்விப்பட்டு இதை நான்கு போட்டால் மான்டிலூகாஸ்ட் 40 மி.கி. உள்ளே போகும். காணாக்கடியில் அதன் பயனுக்குச் சான்று குறைவு. மனச்சோர்வு, கெட்ட கனவு, தற்கொலை எண்ணம் போன்றவை வரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020இல் அதற்குக் கறுப்புக் கட்டமிட்ட மிகக் கடுமையான எச்சரிக்கையே போட்டது. சளிக்கான கலவை மாத்திரைகளில் ஃபினைலெஃப்ரினும் பாராசிட்டமாலும் இருக்கும். அவற்றைப் பெருக்குவது இன்னும் மோசம். ஏற்றுவது என்றால் ஒரே ஒரு மருந்து மட்டும் உள்ள அட்டையாக இருக்க வேண்டும்.

அடுத்து ஸ்டீராய்டு. இதைப் பற்றி மென்மையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தடிப்போடு போனால் ஒரு பெனிரமின் ஊசி, ஒரு டெக்சாமெத்தசோன் ஊசி. அரை மணியில் உடம்பு கண்ணாடிபோல ஆகிவிடும். இரண்டு மூன்று நாளில் திரும்ப வரும். மறுபடி ஊசி. அல்லது பீட்டாமெத்தசோன் 0.5 மி.கி. சிறு மாத்திரையைத் தாமே கடையில் வாங்கி, 'அது ஒண்ணுதான் எனக்குக் கேக்குது' என்று மாதக்கணக்கில் போடுவது. கேட்கத்தான் செய்யும். கூடவே சர்க்கரை ஏறும், ரத்த அழுத்தம் ஏறும், முகம் உப்பும், எலும்பு கரையும், கண்ணில் புரை வளரும். நோயின் போக்கை அது ஓர் அங்குலமும் மாற்றாது. மிக மோசமான கிளர்ச்சியை அடக்க ப்ரெட்னிசலோன் சில நாள், அதிகபட்சம் பத்து நாள் கொடுக்கலாம். அதற்கு மேல் இடமில்லை. ஏற்கெனவே வாரக்கணக்கில் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள். உடம்பு தன் சொந்த ஸ்டீராய்டைத் தானாகச் சுரக்க மறந்திருக்கும். வாந்தி, மயக்கம், ரத்த அழுத்தம் இறங்குதல் என்று ஆபத்தில் முடியும். டாக்டர் மேற்பார்வையில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். மூலப்பொருள் எழுதாத பொட்டலப் பொடிகளிலும் குளிகைகளிலும் ஸ்டீராய்டு கலந்திருப்பது பலமுறை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. 'இயற்கை மருந்து' ஒரே நாளில் மாயம்போலத் தடிப்பை அடக்கினால் அதையே சந்தேகத்துக்குக் காரணமாக எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் வெற்றிலை மிளகோ அருகம்புல் சாறோ குடிப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அதை நம்பித் தினசரி மாத்திரையை நிறுத்துவதில்தான் ஆட்சேபம்.

நமது ரத்தத்தையே எடுத்துப் பிரித்து, அந்தத் தெளிநீரை வாரம் ஒரு முறை நமக்கே ஊசியாகப் போடும் சிகிச்சையும் இங்கே பல இடங்களில் நடக்கிறது. செலவு குறைவு, பெரிய பக்கவிளைவும் இல்லை. ஆனால் வெறும் உப்புநீர் ஊசியோடு ஒப்பிட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் தெளிவான மேன்மை தெரியவில்லை. அடுத்த படிக்கு வழி இருக்கும்போது இதில் மூன்று மாதம் போக்க வேண்டாம் என்பது என் கருத்து.

அந்த அடுத்த படி ஓமலிசுமாப். ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளைப் பிடித்துக்கொள்ளும் உயிரியல் ஊசி மருந்து. காணாக்கடிக்கு அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் 2014இல் அனுமதி பெற்றது. நான்கு மடங்கு மாத்திரையிலும் இரண்டு முதல் நான்கு வாரத்தில் அடங்காத, 12 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு நான்கு வாரத்துக்கு ஒரு முறை 300 மி.கி. ஆஸ்துமாவுக்கு இதே மருந்தை எடைக்கும் ஐஜிஇ அளவுக்கும் தக்கபடி கணக்கிடுவார்கள். காணாக்கடிக்கு அந்தக் கணக்கு தேவையில்லை, எல்லாருக்கும் ஒரே அளவில்தான் தொடங்குவார்கள். 150 மி.கி. குப்பி என்றால் இரண்டு வேண்டும். பொடியாக வரும் குப்பியைக் கரைப்பதற்கே நேரம் பிடிக்கும். குலுக்கக் கூடாது, மெதுவாகச் சுழற்ற வேண்டும், குலுக்கினால் நுரைத்துவிடும். கரைந்ததும் பாகுபோல இருக்கும், அதனால் ஊசி மெதுவாகத்தான் இறங்கும். வயிற்றுத் தோலின் அடியிலோ மேல்கையிலோ போடுவார்கள். குப்பியை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைத்திருக்க வேண்டும். கடையில் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் மருத்துவமனைக்குப் போகிறவர்கள் ஐஸ் பையோடு எடுத்துச் செல்லுங்கள், ஐஸ் நேரடியாகக் குப்பியைத் தொட்டு உறைந்துவிடாமல் நடுவில் ஒரு துண்டை வையுங்கள்.

ஊசி போட்டபின் உடனே கிளம்பாதீர்கள். மிக அரிதாக, ஆயிரத்தில் ஓரிருவருக்கு, இந்த மருந்துக்கே கடும் ஒவ்வாமை வரும். முதல் மூன்று முறை இரண்டு மணி நேரமும், பிறகு அரை மணியும் உட்கார வைப்பது வழக்கம். சிலருக்கு முதல் வாரத்திலேயே தடிப்பு நின்றுவிடும். சிலருக்கு மூன்று நான்கு மாதமாகும்; இரண்டு ஊசியோடு கைவிட்டுவிடக் கூடாது, ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் கேட்கவில்லை என்று முடிவு செய்ய வேண்டும். மொத்த ஐஜிஇ மிகக் குறைவாகவும் டி.பி.ஓ எதிர்ப்பொருள் அதிகமாகவும் இருப்பவர்களுக்கு மெதுவாகக் கேட்கும், அல்லது கேட்காமலே போகும். அந்தப் பழைய ரிப்போர்ட் இங்கேதான் உதவும். போதாவிட்டால் அளவைக் கூட்டியோ இடைவெளியைக் குறைத்தோ பார்ப்பார்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை 600 மி.கி. வரை போகலாம். ஊசி தொடங்கியதும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், இரண்டும் சேர்ந்தே போக வேண்டும்.

விலைதான் பெரிய தடை. மாதாமாதம் ஆயிரக்கணக்கில் போகும். கம்பெனியின் நோயாளி உதவித் திட்டம் உண்டா, காப்பீட்டில் உள்ளிருப்பு இல்லாத சிகிச்சைக்கு இடம் உண்டா என்று முதல் ஊசிக்கு முன்பே கேட்டுவிடுங்கள். இரண்டு மாதம் போட்டுவிட்டுப் பணமில்லாமல் நிறுத்துவதால் பயனில்லை.

ஊசிக்கு வழியில்லை, அல்லது கேட்கவில்லை என்றால் நோய் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் சைக்ளோஸ்போரின். எடையில் கிலோவுக்கு 3 முதல் 5 மி.கி.; அறுபது கிலோ உள்ளவருக்கு நாளுக்கு 180 முதல் 300 மி.கி., காலை மாலை பிரித்து. டி.பி.ஓ அதிகம், ஐஜிஇ குறைவு என்று இருப்பவர்களுக்கு இது நன்றாகவே கேட்கும். ஆனால் கண்காணிப்பு இல்லாமல் தொடக்கூடாத மருந்து. தொடங்கும் முன் ரத்த அழுத்தம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், காசநோய் உண்டா என்ற சோதனை. பிறகு முதல் சில மாதம் இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒரு முறை ரத்த அழுத்தமும் கிரியாட்டினினும். கிரியாட்டினின் தொடக்க அளவைவிட 30 சதவீதம் ஏறினால் அளவைக் குறைக்க வேண்டும். ஈறு வீங்கலாம், முடி அதிகமாக வளரலாம், கை நடுங்கலாம். பம்பளிமாஸ் பழத்தை இந்தக் காலத்தில் தவிர்த்துவிடுங்கள், ரத்தத்தில் மருந்தின் அளவை ஏற்றிவிடும். பொதுவாக மூன்று முதல் ஆறு மாதம் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள்.

புதியவையும் வந்துகொண்டிருக்கின்றன. டுபிலுமாப் ஊசிக்கு 2025 ஏப்ரலிலும், ரெமிப்ருடினிப் என்ற மாத்திரைக்கு அதே ஆண்டு செப்டம்பரிலும் அமெரிக்கா இந்த நோய்க்கு அனுமதி கொடுத்தது. மேலே சொன்ன எல்லாப் படியும் ஏறி இறங்கியவர்கள் தங்கள் டாக்டரிடம் இவற்றின் பெயரைச் சொல்லிக் கேட்கலாம்.

கட்டுப்பாட்டுக்கு வந்தபின் நிறுத்துவதிலும் முறை இருக்கிறது. காலண்டரில் மூன்று மாதம் தொடர்ந்து பூஜ்யம் வந்த பிறகுதான் குறைக்கத் தொடங்க வேண்டும். அதுவும் ஒரு மாதத்துக்கு நாளொன்றில் ஒரு மாத்திரைக்கு மேல் குறைக்கக் கூடாது. நான்கு போடுபவர் முதல் மாதம் மூன்று, அடுத்த மாதம் இரண்டு என்று இறங்க வேண்டும். ஓமலிசுமாப் என்றால் ஊசிகளின் இடைவெளியை நான்கிலிருந்து ஐந்து, ஆறு வாரம் என்று நீட்டுவார்கள். செட்ரிசின், லிவோசெட்ரிசின் இரண்டையும் மாதக்கணக்கில் போட்டுவிட்டுச் சட்டென்று நிறுத்தினால் ஓரிரு நாளில் உடம்பெங்கும் கடும் அரிப்பு வரலாம் என்று 2025இல் ஓர் எச்சரிக்கை வந்தது. அரிதுதான். ஆனால் அதை நோய் திரும்பிவிட்டதாக நினைத்து மறுபடி நான்கு மாத்திரைக்கு ஓடுபவர்கள் உண்டு. தோலைப் பாருங்கள்: அரிப்பு மட்டும் இருந்து தடிப்பு இல்லையென்றால் அது மாத்திரை விட்டதன் அரிப்பு. மறுபடி தொடங்கி மெதுவாகக் குறைத்தால் பெரும்பாலும் அடங்கும். பேனாவால் வட்டம் போடக்கூடிய தடிப்பே வந்துவிட்டால், கடைசியாகப் பூஜ்யம் காட்டிய அளவுக்குத் திரும்பிப் போய், அங்கிருந்து மறுபடி மூன்று மாதம் எண்ணத் தொடங்குங்கள்.